கம்பம் நிற்கும் நாட்கள்

பங்குனி 6, செவ்வாய்

மாரியம்மன் நோன்பு சாட்டிவிட்டார்கள். காலையில் தப்பட்டை அடிப்பவர் தெருவுக்குத் தெரு நின்று அடித்து, அடுத்த செவ்வாய் கம்பம் நடுவதாகவும் இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை பிடுங்குவதாகவும் சொல்லிப் போனார். நான் அப்போது ஒரு டீச்சரம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தப்பட்டைச் சத்தத்தில் அவர் காரை நேராகக் கோயில் சுவருக்குக் கொண்டுபோனார். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. என் உயிர் இத்தனை வருடம் தங்கியிருப்பது அதனால்தான்.

வீட்டுக் காலண்டரில் பங்குனி உத்திரம் இருக்கிறது, ராம நவமி இருக்கிறது, கொன்றையம்பாளையம் மாரியம்மன் நோன்பு இல்லை. அதற்கு அம்மனே தேதி தர வேண்டுமாம். பங்குனி பிறந்ததும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சன்னதியில் போடுகிறார்கள். ஒரு குழந்தை போய் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாட்டு, சிவப்பு வந்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்கவேண்டும். வெயில் ஏறி அம்மை கிளம்புவதற்குள் ஊரைக் குளிர வைத்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இன்று முதல் வீட்டில் தாளிக்கக் கூடாது. கறி கிடையாது. மத்தியானம் மாமியார் வைத்த புளிக்குழம்பு கடுகு, கறிவேப்பிலை வாசமில்லாமல் சோற்றின் மேல் கிடந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பளைக்குத் தனியாத் தாளிச்சுத் தரட்டுமா? நீங்க வெளியூருதானுங்களே" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நமக்கென்ன தலையெழுத்தா, அவர்களோடு பத்தியம் இருக்க? ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பங்குனி 9, வெள்ளி

நோன்புக்காகச் செருப்பில்லாமல் வந்து மூன்று பேர் கிளட்ச் மிதித்தார்கள். மூன்று பேரும் முன்பைவிட நன்றாக ஓட்டினார்கள். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பங்குனி 13, செவ்வாய்

இன்று கம்பம்.

அதற்கு மரம் வெட்டும் உரிமை என் மாமனாருக்கு. பெயர் ஆறுக்குட்டி. அறுபத்தெட்டு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. கும்பகோணத்துக்காரன் கலியமூர்த்தியான என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்ட தன் மகள் சுகந்தியை ஆறு வருடம் வீட்டுப் படியேற்றவில்லை. பிறகு ஏற்றினார். என்னோடு மட்டும் இன்றுவரை நேராகப் பேசுவதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர் சுவரைப் பார்த்து, "காப்பி குடிச்சாச்சான்னு கேளு" என்பார். சுகந்தி என்னிடம் கேட்பாள். நான் சுகந்தியிடம் சொல்வேன். மூன்று வருடமாக ஒரே கூரையின் கீழ் இப்படித்தான் நடக்கிறது. பழகிவிட்டது.

விடியுமுன் ஆற்றங்கரை வேலியோரமாக நடந்து போய் மரத்தைக் கண்டார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். மூன்று கிளையாகப் பிரியும் கவட்டைதான் ஆகும். மாமனார் மரத்துக்கு மஞ்சள் பூசி, கையைக் கூப்பி, ஒரு மனிதனிடம் சம்பந்தம் பேசுவதுபோலப் பேசினார். "உன்ன எங்க ஆத்தாளுக்குக் கட்டிக் குடுக்கறோம். மனசு கோணாம வா. நீ கோயில் முன்னால நிக்கற வரைக்கும் நானும் ஊரு எல்லையத் தாண்டி ராத்தங்க மாட்டேன்." கம்பம் என்பது அம்மனின் புருஷன். இந்தப் பதினைந்து நாளும் அவள் சுமங்கலி. பிடுங்கி ஆற்றில் விட்டதும் மஞ்சள் தாலியைக் கழற்றி வெள்ளை உடுத்திவிடுகிறாள். அடுத்த பங்குனிவரை அப்படித்தான்.

கோயில் முன்னால் நட்டு, மூன்று கவட்டுக்கு நடுவில் பூவோடு என்ற நெருப்புச் சட்டியை வைத்தார்கள். தலையில் நெருப்பும் காலில் ஈரமுமாக அது நின்றது. பிறகு வீட்டுக்கு ஓர் ஆணின் பெயரைக் கூப்பிட்டுக் கையில் கட்டக் காப்பு மஞ்சள் கொடுத்தார்கள். பெயர் கூப்பிடப்பட்ட வீட்டார் எவரும் கம்பம் எடுக்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு "ஆறுக்குட்டி" என்று ஒரு பெயர். பூசாரி என்னைக் காட்டி, "இவருக்கு?" என்று கேட்டார். மாமனார் கோபுரத்தைப் பார்த்து, "அவரு ஊரு கும்பகோணமுங்க" என்றார்.

உண்மைதானே. எனக்கு அதில் ஒன்றுமில்லை.

பங்குனி 14, புதன்

அதிகாலையில் சுகந்தி எழுப்பிவிட்டாள். அவளும் அவள் அம்மா மயிலாத்தாளும் தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் கிளம்பினார்கள். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம். போனேன். தெருவிளக்கு பளிச்சென்று எரிகிறது, டார்ச் எதற்கு என்று வழியில்தான் தோன்றியது.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கம்பத்தின் மேல் குடத்தைச் சாய்த்து, வேப்பிலையைச் செருகி, சுற்றி வந்தார்கள். என் மாமியார் முறை வந்தபோது நான் கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஊற்றிவிட்டு நகர்ந்தார்கள். இந்த அம்மாள் ஊற்றியபின் ஈரக் கையால் கம்பத்தைக் கழுத்தடியிலிருந்து கால்வரை ஒருமுறை தடவிவிட்டார். காய்ச்சல்காரனை அப்படித்தான் தடவுவார்கள். பார்க்க அழகாக இருந்தது. மாமியாரைப் பற்றி ஒரு மருமகன் இப்படி எழுதினால் ஊர் சிரிக்கும். நல்லவேளை, இது இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஓசியில் கொடுத்த டைரி, எவரும் திறந்து பார்ப்பதில்லை.

என் செருப்பின் வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க நேரமில்லை. வெறுங்காலோடுதான் போனேன்.

பங்குனி 17, சனி

மாமனார் நடை சரியில்லை. இடது காலை ஊன்றுவதும் வலதைத் தொட்டுவிட்டு எடுப்பதுமாக இருக்கிறார். சுகந்தி கேட்டதற்கு, "வெயில்ல தார் ரோடு சுட்டுப்போடுச்சு" என்றார். கால் விரலெல்லாம் மஞ்சள் அப்பியிருக்கிறது. சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி ஆடும் ஆட்டத்துக்கு அவர்தான் முதல் ஆள். இன்று ஆடாமல் ஓரமாக நின்று தலையை மட்டும் ஆட்டினார்.

பங்குனி 18, ஞாயிறு

உடுமலைக்குப் போய் அம்மனுக்குப் பூ வாங்கிவர வேண்டும் என்றார்கள். மாமனார் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். இரயில்வே கேட் அருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. நான் மிதிக்குமுன் அவர் தன் பக்கத்துப் பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதித்துவிட்டார். வண்டி நின்றது. அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

ஓரங்கட்டி, காலை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் இரண்டு விரல் கறுத்திருந்தன. வாடை அடித்தது. கம்பம் வெட்டப் போன அன்று வேலியோரத்தில் கருவேல முள் ஏறியதாம். சர்க்கரைக் காலுக்கு முள் ஏறியதும் தெரியவில்லை, புண் ஓடியதும் தெரியவில்லை. தெரிந்தபோது மஞ்சளை அப்பி மறைத்திருக்கிறார்.

"சொல்லிப்போடாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஊட்ல சொன்னீங்கன்னா ஆஸ்பத்திரிக்கு இழுப்பாங்க. படுக்க வைப்பாங்க. கம்பம் எடுக்கற வரைக்கும் நான் எங்கயும் படுக்க முடியாதுங்க மாப்பளை."

பூ மார்க்கெட்டுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பி, நேரே மாமியார் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் காலைப் பார்த்தார். ஒரு நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றார்.

பங்குனி 19, திங்கள்

உடுமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு விரலையும் உடனே எடுக்க வேண்டும். எடுத்து, படுக்க வைத்து, மருந்து ஏற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் பாதம் போகும், அப்புறம் கால் போகும், விஷம் இரத்தத்தில் ஏறினால் ஆளே போய்விடுவார்.

மாமனார் கேட்டுக்கொண்டார். "இருவத்தெட்டாந் தேதி கம்பம் எடுக்கறமுங்க. மக்யாநாளே வந்து படுத்துக்கறேன்" என்றார். அதுவரை கால் காத்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். மாமனார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு மூன்றாவது கியரிலேயே ஊர்வரை வந்தேன்.

பங்குனி 20, செவ்வாய்

கோயில் பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஏதோ முட்டுக்கட்டை போடப்போகிறார்கள் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர்களோ, "உசுருக்கு மிஞ்சி என்ன இருக்குது? போயிட்டு வாங்க, ஊரு ஒண்ணும் சொல்லாது" என்றார்கள். என் சண்டை வீணாய்ப் போயிற்று.

மாமனார்தான் அசையவில்லை. "ஊரு உட்டுருமுங்க. நா மரத்துக்கு வாக்குக் குடுத்தவன். பொண்ணு குடுக்கறேன்னு கூட்டியாந்துபோட்டு, மாப்பளைய நடு வாசல்ல நிக்க வெச்சுட்டு நா ஊரத் தாண்டுனா என்ன மனுசன்?"

காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் கொண்டுபோய் மருந்து ஏற்றி, பொழுது சாயுமுன் கூட்டிவந்தேன். வழியெல்லாம் பேசினார். கும்பகோணத்தில் எந்தக் கோயில், எந்த மாதம் தேர், நோன்புக்குத் தாளிப்பு உண்டா என்றெல்லாம் கேட்டார். உண்டு என்றேன். "அப்ப எப்படிங்க விரதம் புடிக்கறீங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ஊர் வரும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. சுகந்தி குழந்தையைப்போலச் சுருண்டு அழுதாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பயமாக இருக்கிறது. அந்த மனிதர் செத்துப்போகக் கூடாது.

பங்குனி 21, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியலில் சுகந்தி அப்பாவோடு இருந்தாள். மாமியாருக்குத் துணையாக நான் போனேன். (செருப்பு இன்னும் தைக்கவில்லை.) அவர் வரிசையில் நின்றார், முறை வந்ததும் குடத்தை ஊற்றினார், வழக்கம்போலத் தடவிவிட்டார். நகரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் காத்திருந்தார்கள். மாமியார் கம்பத்தைத் தாண்டி, திறந்திருந்த சன்னதியைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நியாயம் கேட்பதுபோலப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மாள் கூட்டத்தில் குரல் எடுத்து நான் கேட்டதேயில்லை.

"ஆத்தா, உனக்கு இந்தப் பதினஞ்சு நாளைக்குப் புருசன் இருக்கறான். அவனுக்குச் சூடு தாக்கப்படாதுன்னு நாங்க கருக்கல்ல எந்திரிச்சு வந்து தண்ணி ஊத்தறோம். வாக்கப்பட்டு வந்ததுல இருந்து ஊத்தறேன். ஒரு வருசம் நா நிறுத்துனதில்ல. இப்ப எம் புருசனுக்குச் சூடு. நீ வந்து ஒரு கொடம் ஊத்தோணும்னு கேக்கல. வழிய உடு, அது போதும்."

பூவோட்டில் கரி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவரு வாக்குக் குடுத்துப்போட்டாரு. அந்த வாக்க நா வாங்கிக்கறேன். கம்பம் எடுக்கற வரைக்கும் நா இந்த எல்லையத் தாண்டி ராத்தங்க மாட்டேன், ஒரு நா தண்ணி தவற மாட்டேன். கொறை ஏதாச்சும் இருந்தா என்னக் கேளு. அவரக் கேக்காத."

குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். அடுத்து நின்ற பெண் தன் குடத்தைச் சாய்க்கும்போது, "இது ஆறுக்குட்டியண்ணனுக்கு" என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே சொன்னாள். வரிசை முடியும்வரை அதையே சொல்லிச் சொல்லி ஊற்றினார்கள். நான் கையிலிருந்த டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பகுத்தறிவு பேசிப் பேசியே நாற்பத்திரண்டு வயது ஆகிவிட்டது எனக்கு. சாமியிடம் இத்தனை கறாராகவும் இத்தனை மரியாதையாகவும் பேசத் தெரிந்த ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன். அந்த அம்மாள் விதியை மீறவில்லை, கெஞ்சவும் இல்லை. பாரத்தைத் தோள் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு பையில் வேட்டி, துண்டு, டம்ளர் எல்லாம் எடுத்துவைத்தார்.

"கேட்டுப்போட்டு வந்துட்டேன். கெளம்புங்க" என்றார்.

மாமனார் கண் திறந்தார். "ஆத்தா என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல. வேண்டாம்னுஞ் சொல்லல."

அவர் மனைவியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கார் கிளம்பும்போது மாமியார் ஏறவில்லை. வாசலிலேயே நின்றார். இரவு யார் துணைக்கு இருப்பது என்று யாரும் கேட்கவேயில்லை. பெயர் கூப்பிடாதவன் வீட்டில் நான் ஒருவன்தானே. அதற்கும் ஒரு பயன் இருக்கிறது.

பங்குனி 22, வியாழன்

விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இனி விஷம் ஏறாமல் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார்.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் என்னைக் காட்டி, "பெரியவரே, இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். நினைவு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மாமனார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டிரைவருங்க" என்றார். பிறகு உதடு கோணிச் சிரித்தார். கிழவருக்கு நக்கலைப் பார்.

பங்குனி 24, சனி

மாமியார் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறார். நாலு மணி பஸ்ஸில் போய்விடுகிறார். இருக்கும் நேரமெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துவிட்டு, "பக்கத்தூட்டு எருமை கன்னு போட்டுருக்குது" என்பதுபோல ஊர்ச் செய்தி சொல்கிறார். போகும்போது மட்டும் படியில் நின்று என்னிடம் கேட்கிறார்: "நெசமாவே நல்லாருக்கறாருங்களா?" நெசமாகவே என்று சொல்கிறேன்.

பங்குனி 26, திங்கள்

காய்ச்சல் திரும்பிவிட்டது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டரம்மா. மாமியாரிடம் இன்று நெசமாகவே என்று சொல்ல முடியவில்லை. அவரும் கேட்கவில்லை.

பங்குனி 27, செவ்வாய்

ஊரில் இன்று மாவிளக்கு. சுகந்தி போனில் பேசினாள். நாளைக்குப் பொழுது சாயும் நேரத்தில் கம்பம் எடுக்கிறார்கள். அவள் அப்பா இல்லாததால் பங்காளி ஒருவர் கை வைப்பாராம்.

"அம்மா நெம்ப பயந்துட்டு இருக்குதுங்க" என்றாள். எதற்கு என்றேன். "ஆத்தா தாலி எறங்கற நேரமுங்க அது. அந்நேரம் பாத்து, நீ மட்டும் புருசனோட இருப்பியான்னு அவளுக்குத் தோணிருமோன்னு பயம். கோயில்ல அத்தன பேரு முன்னால பேசிப்போட்டு வந்ததுல இருந்து அம்மா ஒரு வாய் சோறு ஒழுங்கா திங்கல."

எனக்குத் தெரியவில்லையே. அந்த எருமைக் கன்றுக் கதையெல்லாம் பட்டினியோடு சொன்னதா? நான் ஒரு மனிதன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குனி 28, புதன்

கடைசித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார் மாமியார். நாலு மணி ஆனது, கிளம்பவில்லை. "பொழுதோட கம்பம் எடுத்துருவாங்க. அப்பறம் எங்க இருந்தா என்னங்க" என்றார். எனக்கும் அவர் இருப்பது நல்லதாகப்பட்டது. மாமனாருக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. கண்ணை மூடிக் கிடந்தார்.

வெயில் தணிய ஆரம்பித்தது. மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மாமனாரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். தூக்கிக்கொண்டு போக வருகிறவர்கள் யாராயிருந்தாலும் தன்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும் என்பதுபோல இருந்தது அந்தப் பிடி. நர்ஸ் ஊசி போட வந்தாள். வலது கை வேண்டாம் என்று தலையசைத்தேன். இடது கையில் போட்டுவிட்டுப் போனாள்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. மாமியாரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் பார்வை மாமனாரின் நெஞ்சிலேயே இருந்தது, அது ஏறி இறங்குகிறதா என்று. எனக்கும் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. ஒருமுறை மூச்சு வர நேரமாயிற்று. அந்த அம்மாளின் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. பிறகு வந்தது.

போன் அடித்தது. சுகந்தி. பின்னால் தப்பட்டை ஓய்ந்திருந்தது, பெண்கள் அழும் சத்தம் கேட்டது. "ஆத்துல உட்டுட்டாங்க" என்றாள். "அப்பா?"

"இருக்கிறார்" என்றேன். மாமியார் என்னைப் பார்த்தார். "எடுத்துட்டாங்க அத்தை" என்றேன்.

அவர் நெஞ்சு முழுக்க ஒரு மூச்சு விட்டார். முந்தானையால் மாமனாரின் நெற்றியைத் துடைத்தார். வேர்த்திருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தார். நானும் போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கியிருந்தது. மாமியார் மெதுவாக அவர் கையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் கையை விலக்கப் போனார்.

தூங்குகிறார் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மாமனார் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் சித்த நேரம் புடிச்சிரு புள்ள" என்றார்.

நான் போனோடு வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.